அம்மாவை உட்கார வைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் அம்மாவையும் இன்னும் பலரையும் கவனித்துக்கொள்ளும் முதியோர் இல்லத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

ஆறு வாரங்களுக்கு முன் வரவேற்பறைச் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினீர்கள். "இல்லவாசிகளின் பாதுகாப்பை முன்னிட்டு நடைப்பயிற்சியும் குழு உடற்பயிற்சியும் மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படுகின்றன." அவ்வளவுதான். அன்று மாலை நான் வந்தபோது அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மடிக்கு மேலே குறுக்காக ஒரு பலகை. சாப்பாட்டுக்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்று பக்கத்து நாற்காலிக்காரரின் மகன் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு முன்னாலும் அதே மாதிரிப் பலகை.

குடும்பத்தினர் கூட்டத்தில் இதைக் கேட்டோம். உங்கள் தரப்பில் வந்த பதிலை வார்த்தை மாறாமல் குறித்து வைத்திருக்கிறேன்: "டிமென்ஷியா வந்தவங்களுக்கு எக்சர்சைஸ் பண்ணினா ஞாபகம் திரும்பி வராது. ஆராய்ச்சியே அப்படித்தான் சொல்லுது." டிமென்ஷியா என்பது ஞாபகமும் சிந்தனையும் படிப்படியாகச் சரியும் நோய். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. எங்களில் யாருக்கும் அந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து, அந்த ஆராய்ச்சி எது, அது உண்மையில் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். எனக்கு மருத்துவப் படிப்பு இல்லை, அதனால் ஒரு மாதம் பிடித்தது. அன்று கூட்டத்தில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதே பதிலை வேறு இல்லங்களில் வேறு மகன்களும் மகள்களும் கேட்டுவிட்டு என்னைப் போலவே வாயடைத்துத் திரும்பியிருப்பார்கள் என்பதுதான்.

நீங்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கிலாந்தில் சாலி லாம்ப் என்பவர் தலைமையில், லேசானதிலிருந்து நடுத்தர நிலை வரை டிமென்ஷியா உள்ள 494 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. டாபா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம், வாரம் இரண்டு முறை, ஓரளவு கடுமையான பயிற்சி: நின்ற இடத்தில் சைக்கிள் மிதிப்பது, எடை தூக்குவது. உடல் வலு கூடியது. ஆனால் ஓராண்டு கழித்துச் சோதித்தபோது ஞாபகமும் சிந்தனையும் சரிவது குறையவில்லை. பயிற்சி செய்தவர்களின் மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகக்கூட இருந்தது. அன்றாட வேலைகளிலும் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் மனதில் வைத்துப் பேசியது இந்த ஆய்வாகத்தான் இருக்கும். நல்ல ஆய்வு. அதில் எனக்குச் சாதகமில்லாத எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

சரி, அந்த ஆய்வு கேட்ட கேள்வி என்ன? வழக்கமான கவனிப்பில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தால் நோயின் வேகம் குறையுமா என்பது. பயிற்சி பெறாத குழுவினர் எழுவதையும் நடப்பதையும் யாரும் தடுக்கவில்லை. அவர்கள் மடியில் யாரும் பலகை போடவில்லை. கூடுதல் பயிற்சியால் லாபம் உண்டா என்பது ஒரு கேள்வி. இருக்கிற நடையையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து இரண்டாவது கேள்விக்கு எழுதிவிட்டீர்கள். எனக்கும் உங்களுக்கும் உள்ள சண்டை இவ்வளவுதான்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் தேடினேன். 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. மூப்படைந்த, ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 11 பேரைப் பத்தே பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும், கொழுப்பைக் கழித்த கணக்கில், கிட்டத்தட்ட ஒரு கிலோ கரைந்துபோனது. நாற்காலியும் படுக்கையும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், அதுவும் பத்து நாள். எங்கள் அம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது, நாற்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கோப்பில் அவர் ஓர் அறை எண்ணாகவும் ஒரு மருந்துப் பட்டியலாகவும் இருக்கிறார்.

அம்மா நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவர். மோட்டார் வைத்த மெஷின் வந்த பிறகும் கால் மெஷினை விடவில்லை. வேகம் என் காலுக்குத்தான் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது என்பார். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் என்று மருத்துவர் சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. என் பெயர் அவரிடமிருந்து போய் இரண்டு வருடம். பல நாள் என்னைத் தன் தங்கை என்று நினைக்கிறார். சில நாள் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறேன். "துணி கொண்டு வந்தியா? வா, அளவு எடுத்துடலாம்" என்று கையைத் தூக்கச் சொல்வார். தூக்குவேன். இல்லாத டேப்பால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளப்பார். பிசகில்லாமல் அளப்பார்.

இது ஏன் மிஞ்சியிருக்கிறது என்று படித்தபோதுதான் எனக்குப் பல விஷயம் விளங்கியது. அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரு புறமும் கடல்குதிரை வடிவில் வளைந்திருக்கும் சின்ன உறுப்பு அது. இன்று காலை யார் வந்தார்கள், சாப்பிட்டோமா இல்லையா என்பது போன்ற புதிய நிகழ்வுகளைப் பதிந்து வைப்பது அதன் வேலை. ஆனால் பழகிய செயல்களின் நினைவு, அதாவது மிதிப்பது, நடப்பது, ஊசியில் நூல் கோப்பது, மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. அடியில் உள்ள நரம்பு முடிச்சுகளும் சிறுமூளையும் அதில் முக்கியமானவை. அவை இந்த நோயில் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. அதனால்தான் பெயர் போன பிறகும் கை அளக்கிறது.

உங்கள் இல்லத்தில் அம்மாவை நடக்க வைத்த பணிப்பெண்ணுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அவருக்குத் தானாகவே தெரிந்திருந்தது. காலையும் மாலையும் இருபது நிமிடம். அறைக் கதவிலிருந்து வராந்தாவின் கடைசி ஜன்னல் வரை போய்த் திரும்புவது ஒரு சுற்று. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது, பத்து தடவை. முடிவில் ஒரு பெரிய பந்தை ஆளுக்காள் தூக்கிப் போடுவார்கள். நடக்கும்போது அவர் "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்குவார். அம்மா "மூணு, நாலு" என்று பிடித்துக்கொள்வார். இருபது வரை போவார். உட்கார்ந்திருக்கும்போது எண்ணச் சொன்னால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் வராது. கால் நகர்ந்தால் எண் வரும். எட்டு மாதம் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கு அறிவியல் பெயர் என்னவென்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஞாபகம் என்றால் நீங்கள் பெயரையும் தேதியையும் மட்டும் நினைக்கிறீர்கள். மருத்துவர் கேட்கும் கேள்வித்தாளில் இருப்பது அதுதான், அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று காலுக்குத் தெரிவதும் ஞாபகம்தான். நாற்காலியின் கைப்பிடியில் கையை ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து எழுவது என்ற வரிசை தெரிவதும் ஞாபகம்தான். அம்மாவிடம் மிச்சமிருந்த சொத்து இதுதான். தினமும் செய்துகொண்டிருந்தவரை இருந்தது.

உடற்பயிற்சி மூளைக்கு என்ன செய்கிறது என்ற பேச்சில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதையும் படிக்கும்போது கண்டேன். நோய் வருவதற்கு முன் செய்யும் பயிற்சி ஒன்று. நோய் வந்த பிறகு செய்யும் பயிற்சி இன்னொன்று. நாளிதழ்களில் "நடந்தால் மூளை வளரும்" என்று வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் வகை. அதில் அதிகம் பேசப்படுவது ஆய்வாளர் கிர்க் எரிக்சனும் அவருடன் இருந்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு. டிமென்ஷியா இல்லாத 120 பேர், வயது 55 முதல் 80 வரை. பாதிப் பேர் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் நடந்தார்கள். எடுத்த எடுப்பில் நாற்பது நிமிடம் இல்லை, பத்து நிமிடத்தில் தொடங்கி வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டினார்கள். மீதிப் பேர் கை கால் நீட்டி மடக்கும் இலகுவான பயிற்சிகள் செய்தார்கள். ஓராண்டு முடிவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. வயதானால் சுருங்கத்தான் செய்யும், அதைத்தான் நடை திருப்பிவிட்டது. பெரிய செய்திதான். ஆனால் நினைவுச் சோதனையில் இரண்டு குழுவுமே முன்னேறியிருந்தன என்பதைச் செய்தியாக எழுதியவர்கள் பலர் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை, ஏனென்றால் உங்களிடம் அரைகுறையாகப் பேச விரும்பவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கும் ஓரளவு விளக்கம் இருக்கிறது. மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் தவிப்பது அதுதான். நடந்தால் ரத்தக் குழாய்கள் நன்றாக இருக்கின்றன, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன, தூக்கம் வருகிறது. தசை வேலை செய்யும்போது, நரம்பு செல்களின் வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் கூடுகிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது. உடல் உழைப்பின்மை அதில் ஒன்று. மனச்சோர்வும் தனிமையும் அதில் இருக்கின்றன. இதைப் படித்த இரவே நான் என் செருப்பைத் தேடி எடுத்தேன், எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

அம்மாவுக்கு அந்த 45 சதவீதத்தால் பயனில்லை. அவருக்கு நோய் வந்தாயிற்று. அவரைப் போன்றவர்களை வைத்துச் செய்த ஆய்வுகள்தான் நம் பேச்சுக்கு உரியவை. டாபாவைத் தவிர இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று பிரான்சில் நடந்தது, 2007-இல் வெளியானது. ஐந்து முதியோர் இல்லங்கள், அல்சைமர் உள்ள 134 பேர். உங்கள் இல்லத்தைப் போன்ற இல்லங்கள், எங்கள் அம்மாவைப் போன்ற மனிதர்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம் நடையும் தசை வலுவுக்கான பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். ஓராண்டு முடிவில், தானே குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது போன்ற திறன்கள் இரண்டு குழுவிலும் குறைந்தன. பயிற்சி செய்தவர்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு மெதுவாகக் குறைந்தன. மனச்சோர்விலோ நடத்தையிலோ மாற்றம் தெரியவில்லை. மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தானே கழிப்பறைக்குப் போவதில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு பெரியது என்று, அதை இழந்தவரின் மகளிடம் கேளுங்கள்.

இன்னொன்று பின்லாந்தில், 2013-இல் வெளியானது. வீட்டில் வசிக்கும் அல்சைமர் நோயாளிகள் 210 பேர். ஒரு பகுதியினருக்கு வீட்டில் பயிற்சி, ஒரு பகுதியினருக்குக் குழுவாகப் பயிற்சி, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பயிற்சி வாரம் இரண்டு முறை, ஓராண்டு. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர்களின் செயல்திறன், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடத் தெளிவாகவே மெதுவாகக் குறைந்தது. மருத்துவம், பராமரிப்பு எல்லாம் சேர்த்த மொத்தச் செலவும் கூடவில்லை. உங்கள் அறிவிப்பின் முதல் வரிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. பயிற்சி செய்த குழுக்களில் கீழே விழுந்த தடவைகள் குறைவு. கூடுதல் இல்லை, குறைவு.

இப்போது அந்த விழுகையைப் பற்றிப் பேசுவோம். எட்டாம் அறையில் இருக்கும் ஐயா விழுந்து மணிக்கட்டு முறிந்தது, அதைத் தொடர்ந்துதான் உங்கள் அறிவிப்பு வந்தது. அவருக்கு நேர்ந்தது எங்கள் எல்லோருக்கும் வருத்தம். ஆனால் அவர் விழுந்தது நடைப்பயிற்சியில் இல்லை. விடியற்காலையில், தனியாகக் கழிப்பறைக்குப் போகும் வழியில், ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். அவர் மகளே சொன்னது இது. இரவுப் பணியில் அந்த மாடி முழுவதற்கும் ஒரே ஒருவர் இருந்தார் என்பதும் தெரிந்தது. ஈரத் தரைக்கும் ஆள் இல்லாததற்கும் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த தரையில் நடந்துகொண்டிருந்தவர்களை உட்கார வைத்துவிட்டீர்கள்.

இந்த ஆறு வாரத்தில் அம்மாவுக்கு என்ன ஆனது என்று என் குறிப்பேட்டிலிருந்து சொல்கிறேன். அறிவிப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்னோடு வராந்தாவில் ஐந்து சுற்று நடந்தார். என் விரலை மட்டும் பிடித்திருந்தார். மூன்றாவது வாரம், எழ வைக்க நானும் இன்னொருவரும் வேண்டியிருந்தது. போன ஞாயிறு பாதி வராந்தா, அதோடு முழங்கால் நடுங்கி "உக்காரட்டுமா?" என்று கேட்டார். அனுமதி கேட்கிற குரல். அம்மா யாரிடமும் அப்படிக் கேட்டவர் இல்லை. பகலெல்லாம் நாற்காலியில் கண் அயர்வதால் இரவில் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததால் தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று உங்கள் செவிலியர் போனில் கேட்டார். தூக்க மாத்திரை வயதானவர்களுக்கு விழும் அபாயத்தைக் கூட்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விழாமல் இருக்க உட்கார வைத்து, உட்கார வைத்ததால் தூக்கம் கெட்டு, அதற்குக் கொடுக்கும் மாத்திரையால் விழ வைப்பது. எங்கிருந்து கிளம்பினோமோ அங்கேயே வந்து நிற்கிறோம்.

நான்காவது வாரம் டயபர் போட்டீர்கள். கோப்பில் "நோய் முற்றிய நிலை" என்று காரணம் எழுதியிருக்கிறது. அம்மாவுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற உணர்வு இன்னும் இருக்கிறது. நான் இருக்கும்போது பலகையைத் தள்ளிப் பார்க்கிறார். தள்ள முடிவதில்லை. அதை நோயின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒருவருடைய ஆறு வாரத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இந்த நோய் தன் பாட்டுக்கு முன்னேறிக்கொண்டுதான் இருக்கும், நடந்துகொண்டே இருந்திருந்தாலும் அம்மா ஒருநாள் இந்த நிலைக்கு வந்திருப்பார். அதை நான் ஐந்து வருடமாகத் தெரிந்துதான் வாழ்கிறேன். ஆனால் எட்டு மாதத்தில் நடக்காதது ஆறு வாரத்தில் நடந்திருக்கிறது. பக்கத்து நாற்காலி ஐயாவின் மகனும் இதே கதையைத்தான் சொல்கிறார்.

அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. அது சாப்பாட்டு மேசை என்று நீங்கள் சொல்லலாம். சாப்பாடு முடிந்த பிறகும், உட்கார்ந்திருப்பவரால் தானே எடுக்க முடியாதபடி இருந்தால், அது கட்டிப்போடுவதுதான். பணியாளர்களின் வசதிக்காக முதியவர்களை இப்படிக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1987-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கட்டிப்போட்டால் பத்திரமாக இருப்பார்கள் என்ற பழைய நம்பிக்கை அதற்குப் பிறகு நின்று பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஆள் பற்றாக்குறைதான் என்று எனக்குப் படுகிறது. அம்மாவை நடக்க வைத்த அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு மாடி வேலை. வராந்தாவில் எதிரே பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகிறார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தச் சிக்கலும் வரக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லை, பணம் போதவில்லை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள். அது தீர்க்கக்கூடிய பிரச்சினை, நாங்களும் தோள் கொடுப்போம். ஆள் இல்லை என்பதை "பாதுகாப்பு" என்று எழுதி ஒட்டுவதையும், கேட்டால் ஆராய்ச்சியைக் காட்டுவதையும்தான் ஏற்க முடியவில்லை.

கடைசியாக நான் பார்த்ததைச் சொல்லிவிட்டுக் கோரிக்கைகளுக்கு வருகிறேன். போன புதன்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பலகைக்குக் கீழே ஏதோ சத்தம். குனிந்து பார்த்தால் அம்மாவின் வலது கால், குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி, தரையை மிதித்துக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. கண் சுவரில். கால் மட்டும் தைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் கேட்பது இவை. பதினொரு குடும்பங்கள் சேர்ந்து கேட்கிறோம்.

பலகையை நாளைக்கே எடுங்கள். இதற்குக் கூட்டமோ குழுவோ தேவையில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் போட்டு, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். யாருக்காவது மருத்துவக் காரணத்தால் வேண்டுமென்றால் மருத்துவர் எழுதித் தர வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு என்றும் அதில் இருக்க வேண்டும், குடும்பத்துக்குத் தெரிய வேண்டும்.

நடைப்பயிற்சியை இரண்டு வாரத்துக்குள் திரும்பத் தொடங்குங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்: யார் தனியாக நடக்கலாம், யாருக்கு வாக்கர், யாருக்கு ஒரு ஆள், யாரால் எழுந்து நிற்க மட்டும் முடியும். நடக்கவே முடியாதவருக்கும் உட்கார்ந்தபடி கையையும் காலையும் அசைக்கும் பயிற்சி உண்டு. ஆறு வாரம் உட்கார்ந்திருந்தவர்களை முதல் நாளே இருபது நிமிடம் நடக்க வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். வயதானவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைத் தரையைச் சரிசெய்யுங்கள். வழுக்காத தரை, கைப்பிடி, இரவில் மங்கலாக எரியும் ஒரு விளக்கு. இரவுப் பணிக்கு இன்னொருவர். பாதுகாப்பு என்ற சொல் இங்கேதான் பொருந்தும்.

டயபர் போடப்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் மறுபடி பாருங்கள். நேரம் வைத்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போனால் தேவைப்படாது என்பவர்களுக்கு அதை எடுத்துவிடுங்கள். எங்களைக் கேட்காமல் தூக்க மாத்திரை தொடங்காதீர்கள். அம்மாவின் கோப்பில் "நோய் முற்றிய நிலை" என்று எழுதிய இடத்தில், எந்தத் தேதியிலிருந்து அவர் நடக்கவைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாதம் ஒரு முறை, ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் நடந்தார், கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்தார், எத்தனை தடவை விழுந்தார், எங்கே, எப்போது என்பதை எழுதி எங்களுக்குக் காட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கணக்கு நான் சொன்னது தவறு என்று காட்டினால், நானே குடும்பத்தினர் கூட்டத்தில் எழுந்து சொல்கிறேன்.

எங்கள் பங்குக்கு, குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் மாலை இருவர் வருகிறோம். அம்மாவோடு மட்டும் இல்லை, யாருக்கு ஆள் இல்லையோ அவரோடும் நடக்கிறோம். எப்படிப் பிடிப்பது, எப்படி எழுப்புவது என்று பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் போதும். முதல் வாரத்துக்கான பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.

எழுத்து மூலமான பதிலை அடுத்த குடும்பத்தினர் கூட்டத்துக்கு முன் எதிர்பார்க்கிறோம். வரவேற்பறைச் சுவரில், பழைய அறிவிப்பு இருந்த அதே இடத்தில் ஒட்டினாலும் சரி.

இப்படிக்கு,
வராந்தாவின் முதல் அறையில் இருப்பவரின் மகள்